சக்கை தின்று வம்சம் சொன்னவர்

தோவாளையிலிருந்து விளவங்கோடு வரைக்கும் அவர் தின்று பார்க்காத வம்சம் ஒன்றுகூடக் கிடையாது. ஒருவருடைய பூர்வீகத்தை மற்றவர்கள் கேட்டுத் தெரிந்துகொள்வார்கள். சக்கை அண்ணாச்சி அதைச் சுளை சுளையாக உரித்துத் தெரிந்துகொள்வார். பலாவை எங்கள் பக்கத்தில் சக்கை என்போம். அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் யாருக்கும் நினைவில்லை. ஊரார் பாட்டன் முப்பாட்டன் பெயரெல்லாம் நாக்கில் வைத்திருந்தவரின் சொந்தப் பெயர் எங்கோ வண்டிச் சக்கரத்தடியில் விழுந்து நசுங்கியிருக்க வேண்டும்.

எங்கள் முன்னோர் ஓரிடத்தில் தங்கிப் பழகாதவர்கள். பஞ்சமோ பகையோ துரத்த, கிழக்கே தேரி என்னும் செம்மணல் காட்டை விட்டு, ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகக் காற்றோடு காற்றாக மேற்கே வந்தவர்கள் என்பது கேள்வி. வயல்நாட்டுக்கு வந்தார்கள், அவர்களுக்கு வயல் இல்லை. இராஜாக்கமங்கலத்து மணலில் ஒரு தலைமுறை. சிதறால் மலையடியில் காடு வெட்டி ஒரு தலைமுறை. சிலர் கடல் கண்டு நிற்கும்வரை நடந்து தேங்காய்ப்பட்டணம் போனார்கள். பத்திரம் இல்லை, பட்டயம் இல்லை, திரும்பிப்போய் நிற்க ஒரு கல்லறை இல்லை. ஒரு வழக்கம் மட்டும் இருந்தது. பழைய வீட்டு மரத்தில் கடைசியாகத் தின்ற சக்கையின் கொட்டை ஒன்றை முடிந்து எடுத்துவந்து, புதுவீட்டுக்குத் தென்புறம் ஊன்றுவார்கள். அப்படி வீட்டுக்கு வீடு மரம் இடம்பெயர்ந்தது.

கருப்பட்டி வண்டியோடு ஊர் ஊராகப் போன அண்ணாச்சி இதைப் பிடித்துக்கொண்டார். எந்த வீட்டிலும் கருப்பட்டியை இறக்கும் முன்னே தென்புறம்தான் போவார். சுளையை வாயில் போட்டுக் கண்ணை மூடுவார். ஈ மொய்க்கும். வண்டிமாடு அசைபோடுவதை நிறுத்திவிட்டு அவரைப் பார்க்கும். பிறகு சொல்வார்: "இது இராஜாக்கமங்கலத்து ஓடக்கரை வீட்டு மூடாக்கும்." மரத்தின் அடியை மூடு என்போம். மனிதருக்கும் அதுவே சொல்.

என் சித்தப்பா ஒருமுறை அவரை மடக்கப் பார்த்தார். "ஒரே மரத்துக் கொட்ட ரெண்டு ஊனினா ரெண்டு விதமாக் காய்க்கும் ஓய். அதுல எங்ஙன வம்சம் பாப்பீரு?"

"ஒமக்க அண்ணனுக்கு ஒம்ம மூக்கா இருக்கு? ஆனா கோவம் வந்தா ரெண்டு பேருக்க முழியும் ஒண்ணுபோலத்தான் பிதுங்கும். நான் சக்கையில மூக்கப் பாக்கல்ல வேய். முழியப் பாக்கேன்."

சித்தப்பாவின் முழி அப்போதே பிதுங்கியது. அதற்குமேல் யாரும் கேட்கவில்லை.

இரண்டு வீட்டார் ஒரு வரப்புக்காக வருடக்கணக்கில் வாய்ச்சண்டை போட்டுவந்தார்கள். அண்ணாச்சி இரு வீட்டிலும் தின்றுவிட்டு, "நீங்க ஒரே மூட்டுப் பிள்ளைக, பங்காளிகளாக்கும்" என்றார். அதுவரை வாயோடு நின்றவர்கள் பங்காளி என்று தெரிந்த மறுநாள்தான் வெட்டுக்கத்தியை எடுத்தார்கள்.

அவருடைய பெரிய அதிகாரம் கல்யாணங்களில்தான். பங்காளி வழியில் பெண்ணெடுத்தால் தங்கையைக் கட்டியது போல. நாலு இடம் பெயர்ந்த சனத்தில் யார் பங்காளி, யார் மாமன் மச்சான் என்று எப்படித் தெரியும்? ஆகவே ஐப்பசியில் பேசிய சம்பந்தம் சித்திரையில் சக்கை பழுக்கும்வரை காத்துக்கிடக்கும். அந்த வருடம் மரம் காய்க்காவிட்டால் பெண்ணுக்கு வயது ஒன்று கூடும். அண்ணாச்சி மட்டும் கல்யாணமாகாத ஒண்டிக்கட்டை. வாலிபத்தில் தேங்காய்ப்பட்டணத்துப் பக்கம் ஒரு பெண்ணை நிச்சயம் செய்து, விருந்துக்குப் போன இடத்தில் சக்கை பரிமாற, ஒரு சுளையோடு எழுந்து, "தங்கச்சி" என்று சொல்லிவிட்டு வந்தவர் அவர். ஊர் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தது. நானும் சிரித்தேன், என் முறை வரும்வரை.

முப்பதுகளின் தொடக்கம். எனக்கும் நேசம்மைக்கும் கல்யாணம் பேசினார்கள். அண்ணாச்சியின் வண்டி எங்கோ தாமதிக்க, அவர் நாக்குக்குக் காத்திராமல் நாள் குறித்தார்கள். அவளும் தேங்காய்ப்பட்டணத்துப் பக்கம்தான். மிஷன் கோவிலில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஓலை வாசித்து, தடை சொல்பவர் உண்டா என்று சபையைக் கேட்பார்கள். யாரும் சொன்னதில்லை. அது சும்மா ஒரு மரியாதை. மூன்றாம் ஞாயிறு உபதேசியார் வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றும் நேரம், பின்வரிசையில் பெஞ்சு கிறீச்சிட்டது. சக்கை அண்ணாச்சி நின்றுகொண்டிருந்தார். விரலில் சக்கைப் பிசினான அரக்கு, அதில் ஒட்டிய பஞ்சு.

"ஓலைக்குத் தடை உண்டு உபதேசியாரே. ரெண்டு வீட்டுச் சக்கையும் ஒரே மூடு. இவன் அண்ணன், அவ தங்கச்சி."

அன்று பாடிய பாட்டு எது என்று எனக்கு ஞாபகமில்லை. வெளியே வந்தபோது வெயில் வெள்ளையாக, ஈரமில்லாத துணிபோலத் தொங்கியது. பெரியவர்கள் தலை குனிந்து கலைந்தார்கள். என் அப்பா யாரையும் பார்க்கவில்லை. நேசம்மை மட்டும் வண்டியை மறித்துக்கொண்டு நின்றாள்.

"அண்ணாச்சி, சக்கைக்கு வாய் உண்டு. எனக்கு இல்லியா?"

"மக்கா, நான் இல்லாததச் சொல்லல்ல. மூடு சொன்னதச் சொன்னேன்."

"செரி. நீரு தங்கச்சின்னுட்டு எந்திச்சு வந்துட்டீரே, அந்தப் பொண்ணு பொறவு என்ன ஆனான்னு எப்பமாவது கேட்டீரா? எங்க வீட்டுக்கு அடுத்த வீடாக்கும். வந்தவனையெல்லாம் வேண்டாம் வேண்டாம்னுட்டு கெட்டாமலே இருந்தா. போன மாசி செத்தா. சக்கைய வீட்டு நடைக்குள்ள ஏத்தவே விடமாட்டா."

அண்ணாச்சி விரலில் ஒட்டிய பஞ்சைப் பிய்த்துக்கொண்டே இருந்தார். அரக்கு அவ்வளவு எளிதில் போகாது. பிறகு கேட்டார்: "போன மாசியா?"

ஐப்பசி மழைக்கு முன்னால் வண்டியையும் மாட்டையும் என் சித்தப்பாவிடம் விட்டுவிட்டுக் கிழக்கே நடந்தார். மூட்டுக்கு மூடு எங்கே இருக்கிறதோ அங்கே போய்ப் பார்த்துவிட்டுத்தான் வருவேன் என்றார். கணவாய் தாண்டி, நம் சனம் முதலில் கிளம்பிய ஊருக்கு. நேசம்மை வீட்டில் வேறு மாப்பிள்ளை பேச, அவள் கட்டாமலே செத்த அடுத்த வீட்டுக்காரியின் வீட்டைக் காட்டினாள். வந்த மாப்பிள்ளை வீட்டாரைத் திருப்பி அனுப்பினார்கள்.

தை பிறந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாட்டு முடிந்து சபை உட்காரும் நேரம் பின்வரிசைப் பெஞ்சு மறுபடியும் கிறீச்சிட்டது. கறுத்து மெலிந்து, கால் வெடித்து நின்றார்.

"உபதேசியாரே, நான் தாய்மூட்டப் பாத்தாச்சு. எம்மாம் பெரிய மூடு! வேரு ஓடி ஓடி அந்த ஊருக் கோயில் மதிலையே தூக்கிட்டு நிக்கி. ஒரு கல்யாணப் பந்தல் போடலாம் அதுக்க நெழல்ல. அந்த வீட்டுல ஒரு மகன், ஒரு மக. மகன் கொண்டுவந்த கொட்ட இவனுக்க வீட்டு மரம். இவளுக்க வீட்டுக்குக் கொட்டய முந்தியில முடிஞ்சுட்டுப் போனது ஆம்பளையில்ல, கெட்டிக்குடுத்த மக. நான் இத்தன நாளும் ஆம்பளைகதான் கொட்ட சொமந்தாங்கன்னு நெனச்சேன். புத்தி கெட்டவன். இவ தங்கச்சி இல்ல வேய், முறைப்பொண்ணாக்கும்! கெட்டாம விட்டாத்தான் தடை."

சபையில் சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒரு சத்தம். மறுபடி ஓலை வாசித்தார்கள். கல்யாண விருந்தில் அண்ணாச்சி இலையில் யாரோ சக்கைப்பிரதமன் ஊற்றப் போனார்கள். இலையைக் கையால் மறைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் எந்த வீட்டுத் தென்புறமும் போகவில்லை. கருப்பட்டி விற்றார், அவ்வளவுதான். யாராவது வம்சம் கேட்டால், "பொண்ணும் பையனும் பாத்துச் சிரிக்காவளா? செரி, வேற என்னத்தப் பாக்க" என்பார். அந்தத் தசாப்தம் முடியும் முன்னே இறந்தும் போனார்.

பல வருடங்கள் கழித்து நானும் நேசம்மையும் அந்த ஊரைப் பார்க்கப் போனோம். தாய்மரத்து நிழலில் ஒரு நிமிடம் நிற்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. கணவாய் தாண்டியதும் பச்சை பின்தங்கிவிட்டது. பஸ் நின்ற இடத்தில் செக்கச் சிவந்த தேரி. கண்ணுக்கு எட்டியவரை பனை, பனை, பனை. காற்று மணலை எழுதி எழுதி அழித்துக்கொண்டிருந்தது. பனையிலிருந்து இறங்கிய ஒருவரிடம் மரத்தைக் கேட்டோம்.

"பலாவா? இந்தத் தேரியிலயா?" அவர் சிரித்தார். "வேம்பே இங்க யோசிச்சு யோசிச்சுத்தான் தழைக்கும். என் பாட்டன் காலத்துலயும் இங்க பலா கெடையாது. முன்னாடி ஒரு கருப்பட்டி யாவாரி உங்க பக்கமிருந்து நடந்தே வந்தாரு. இதத்தான் கேட்டாரு. வீடு வீடாக் கேட்டாரு. பொறவு இந்த மணல்ல உக்காந்துட்டாரு. பாவமா இருந்துச்சு, அவிச்ச பனங்கிழங்கு ஒண்ணு குடுத்தேன். கண்ண மூடிட்டு ரொம்ப நேரம் மென்னாரு. 'இதுல ஒண்ணும் தெரியலியே'ன்னு சொல்லிட்டு எந்திச்சுப் போயிட்டாரு."

நேசம்மை மணலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். திரும்பும் வழியில் கணவாய்க் காற்று பஸ்ஸை உலுக்கியபோது, "மதில வேரு தூக்கிட்டு நிக்கின்னாரே மனுசன்" என்றாள்.

எங்கள் பிள்ளைகள் நம் மூடு எது என்று கேட்கும்போதெல்லாம், அந்த மதிலையும் வேரையும் பந்தல் கொள்ளும் நிழலையும் ஒன்றுவிடாமல் அவள்தான் சொல்கிறாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, ஆமாம் ஆமாம் என்கிறேன்.