கழுதைக்கு வந்த அனுதாபம்

"புகழ்ந்தாலும் சரி, திட்டினாலும் சரி, எனக்கு எதுவும் சொல்ல வேண்டாம்மா. யாராவது என் சிநேகிதனைப் பத்திக் கேட்டா மட்டும் ஒரு போன் போடுங்க."

"கேட்காம இருப்பாங்களா சார்?"

"கேட்கணும்மா. இல்லேன்னா நான் எழுதினதே தப்பாப் போயிடும்."

கையெழுத்துப் பிரதியை ஒப்படைத்த அன்று வாத்தியார் சொன்னதும், தான் வாய் விட்டதும் கமாவுக்கு வார்த்தை மாறாமல் ஞாபகம் இருந்தது. மறந்து தொலைத்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

பதிப்பகத்தில் மெய்ப்புத் திருத்துவது அவள் வேலை. மூச்சு விடும் இடத்திலெல்லாம் காற்புள்ளி வைப்பவள் என்று முதலாளி சூட்டிய பெயர்தான் கமா. வாசகர்களின் போனை எடுப்பதும் அவள் தலையில் விழுந்திருந்தது. வாத்தியார் ஓய்வு பெற்ற பூகோள ஆசிரியர். நண்பரோடு பனிமலை ஏறப் போய், தனியாகத் திரும்பி வந்தவர். அந்தக் கதையைத்தான் புத்தகமாக எழுதியிருந்தார். புத்தகம் சக்கைப்போடு போட்டது. போன் ஓயவில்லை.

"ஹலோ, அந்தக் கழுதை நிஜமாவே செத்துப்போச்சா?"

"அது... ஆமாங்க. அவரோட நண்பரும்கூட..."

"நண்பர் கிடக்கட்டும். கழுதையைச் சொல்லுங்க."

எல்லோரும் கழுதையைத்தான் கேட்டார்கள். புத்தகத்தில் சுமை தூக்கி வந்த கழுதை அது. கஞ்சியில் உப்பு குறைந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். வாத்தியார் சோர்ந்தால் முதுகில் தலையால் முட்டி நடக்க வைக்கும். கடைசி இரவில் பனிக்காற்றுக்கும் அவருக்கும் நடுவே விடியும்வரை நின்று, விடிந்ததும் சாய்ந்துவிடும். படித்தபோது கமாவே மூக்கைச் சிந்தியவள்தான்.

நண்பருக்கோ மொத்தம் நாலே வரி. வந்தார், நடந்தார், அதே இரவில் இறந்தார்.

"இன்னும் கொஞ்சம் எழுதலாமே சார்?" என்று அப்போதே கேட்டிருந்தாள்.

"எழுத உட்கார்ந்தா பேனா நகர மாட்டேங்குதும்மா. அதோட, தன்னைப் பத்திப் பெருமையா ஒரு வார்த்தை எழுதினா ஜென்மத்துக்கும் பேச மாட்டேன்னு மிரட்டி வச்சிருந்தான் பாவி."

ஒரு கால்நடை மருத்துவர் வாரம் தவறாமல் கூப்பிட்டுச் சண்டை போட்டார். ஓர் அம்மாள், இருபத்திரண்டு வயது மகள் கழுதையை நினைத்துச் சாப்பிட மாட்டேன் என்கிறாள் என்று முறையிட்டார். யாரோ ஒருவர் கழுதைக்கென்று கம்பளி பின்னி அனுப்பினார். நாலு காலுக்கும் தனித்தனி உறை. கமா அதை மேஜைக்கு அடியில் தள்ளி வைத்தாள்.

அந்த நேரம் பார்த்து வாத்தியாரே கூப்பிட்டார்.

"யாராவது கேட்டாங்களாம்மா?"

அந்தக் குரலுக்கு இல்லை என்று சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை.

"கேட்காமலா சார்? நிறையப் பேர்!"

"என்ன சொன்னாங்க?"

கமாவுக்குப் புதிதாகக் கதை கட்ட வராது. மற்றவர் எழுதியதில் திருத்தம் போட்டுத்தான் பழக்கம். அதையே செய்தாள். கழுதை இருந்த இடத்தில் நண்பரை வைத்தாள்.

"உப்பு கம்மின்னு அவர் மூஞ்சியைத் திருப்பிப்பாரே, அதைப் படிச்சுச் சிரிச்சாங்களாம். காத்துக்கு முதுகைக் காட்டி ராத்திரி பூரா நின்னாரே, அங்க அழுதுட்டாங்களாம்."

சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது. போச்சு, மாட்டிக்கொண்டோம் என்று நினைத்தாள்.

"அவங்களுக்கு எப்படித் தெரிஞ்சது?" என்று கேட்டார் வாத்தியார்.

"படிச்சுத்தான் சார்..."

"நான் அவங்களைப் பார்க்கணும்மா. என் சிநேகிதனோட சம்சாரத்தையும் கூட்டிட்டு வரேன். அதுவும் ஒரு தடவை காதால கேட்கட்டும்."

கமா போனை வைத்தாள். இந்த மனிதர் தன் புத்தகத்தைத் தானே மறந்துவிட்டாரா? இல்லை, துக்கத்தில் புத்தி பேதலித்துவிட்டதா?

விஷயம் தெரிந்ததும் முதலாளிக்கோ சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. நூலகக் கூடத்தில் வாசகர் சந்திப்பு என்று ஒரே நாளில் ஏற்பாடு செய்துவிட்டார். வாசலில் ஆள் உயரத்துக்குக் கழுதைப் படம்.

"சார், இறந்தவரோட மனைவி வராங்க. கழுதைப் படத்தை வச்சா எப்படி?"

"கழுதைதானேம்மா விக்குது?"

வேறு வழி தெரியாமல் அவள் படத்தின் மேல் அந்தக் கம்பளியைப் போர்த்தினாள். நாலு கால் உறையும் முன்னால் தொங்க, இப்போது அது முன்னைவிட நன்றாகக் கண்ணைக் கவர்ந்தது. வந்தவர்கள் அதன் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள்.

மிச்சமிருந்த ஒரே நம்பிக்கை அவள் கணவர். மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவர். புத்தகத்தைத் திறந்துகூடப் பார்த்ததில்லை.

"என்னங்க, முதல் ஆளா எழுந்திருச்சு அந்த நண்பரைப் பத்திக் கேட்டுடுங்க. ஒருத்தர் ஆரம்பிச்சா மத்தவங்களும் அந்தப் பக்கம் திரும்பிடுவாங்க."

"எந்த நண்பர்? இத்தனை நாளா வீட்டுல ஒரு கழுதையைப் பத்தித்தானே பேசிட்டிருந்தே?"

"கழுதையை மறந்துடுங்க!"

"மறக்கற மாதிரியா பேசினே நீ?"

கூடம் நிரம்பி வழிந்தது. வாத்தியார் மேடையில் கைகளைக் கோத்தபடி உட்கார்ந்திருந்தார். முதல் வரிசையில் நண்பரின் மனைவி. மடியில் புத்தகம், அட்டை கசங்கி, ஓரமெல்லாம் மடிந்து. கமா அருகில் போய்த் தண்ணீர் கொடுத்தாள்.

"நீங்கதான் அண்ணாகிட்ட எல்லாம் சொன்னவங்களா?" என்று அந்த அம்மா கேட்டாள்.

"ஆமா... இல்லை... கொஞ்சம் கொஞ்சம்" என்றாள் கமா.

முதலாளி ஒலிபெருக்கியைத் தட்டினார். கமா கணவரைப் பார்த்துக் கண்ணைக் காட்டினாள். அவர் எழுந்தார். இருநூறு முகங்கள் திரும்பின. மனப்பாடம் செய்தது அத்தனையும் அவருக்கு அந்த நொடியில் கரைந்துபோனது.

"ஐயா, உங்க நண்பர்... ரொம்ப நல்ல நண்பர்." மனைவியைத் திரும்பிப் பார்த்தார். "அவருக்குத் தீனி என்ன போட்டீங்க?"

கூடம் வெடித்துச் சிரித்தது. அவ்வளவுதான், அணை உடைந்தது.

"கழுதையைப் பத்தித் தனியா ஒரு புத்தகம் வருமா சார்?"

"என் பொண்ணு மூணு நாளா சரியாச் சாப்பிடலைங்க!"

"அம்மா, சும்மா இரும்மா!" என்றாள் பக்கத்தில் இருந்த மகள்.

"கழுதைக்குக் கல்லறை கட்டினீங்களா?"

வாத்தியார் தலை கவிழ்ந்திருந்தார். தோள்கள் குலுங்கின. நண்பரின் மனைவி புத்தகத்தால் முகத்தை மூடிக்கொண்டிருந்தாள். ஒரு வயதான மனிதரையும் ஒரு விதவையையும் ஊர்கூட்டி அழ வைத்துவிட்டோமே என்று கமா தூணோடு தூணாக ஒட்டிக்கொண்டாள். கணவர் மெதுவாக வந்து, "சரியாக் கேட்டேனா?" என்று காதில் முணுமுணுத்தார்.

பின்வரிசையில் கால்நடை மருத்துவர் எழுந்தார்.

"ஐயா, நான் முப்பது வருஷமா மிருகங்களோட குப்பை கொட்டறவன். அவ்வளவு உசரத்துக்கு, அந்தப் பனியில, எந்தக் கழுதையும் ஏறாது. ஏறினாலும் ஒரு மனுஷனுக்காக ராத்திரி பூரா நிக்காது. போன்ல இந்த அம்மா மழுப்பறாங்க. நீங்களே சொல்லுங்க, இப்படி ஒரு கழுதை உங்களுக்கு எங்க கிடைச்சுது?"

வாத்தியார் நிமிர்ந்தார். கன்னமெல்லாம் ஈரம், ஆனால் முகத்தில் ஒரு சிரிப்பு. முதல் வரிசையைப் பார்த்தார்.

நண்பரின் மனைவி முகத்திலிருந்து புத்தகத்தை எடுத்தாள். அவளும் அழுதுகொண்டே சிரித்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் புரியாமல் கமா தூணை விட்டு ஓர் அடி முன்னால் வந்தாள்.

அந்த அம்மா எழுந்து நின்றாள்.

"அண்ணா, புத்தகம் வந்த நாள்லேர்ந்து இது என் தொண்டை வரைக்கும் வந்து வந்து நிக்குது, இன்னைக்குக் கேட்டுடறேன்... அடுத்த பதிப்புலயாவது என் வீட்டுக்காரரை மனுஷனாவே எழுதிடுங்களேன்."