லோரோங் ஃபோரின் நாலாவது ஆள்

“ஆம்ப்ரோஸ், பேஸ் கிட்டார் யாருலா வாசிக்கிறது?”

சிலுவைராஜ் ட்ரம் குச்சிகளை மடியில் போட்டுக்கொண்டு கேட்டார். ஆம்ப்ரோஸ் கிட்டாரை நிறுத்தினார். கீபோர்டிலிருந்து சிவசுப்பிரமணியமும் கையை எடுத்தார். மூவரும் நிறுத்திய பிறகும் ‘டும், டும்’ என்று இரண்டு தட்டு மேலே கூரையில் கேட்டு அடங்கியது.

அது எண்பத்தாறு நவம்பர். பதினான்கு வருடம் கழித்து ‘லோரோங் ஃபோர்’ ராக் குழு மறுபடி கூடியிருந்தது. லோரோங் என்றால் மலாயில் சந்து; ஃபோர், நாலு பேர் என்பதால் வந்தது. இப்போது மூன்று பேரும் மூன்று மூக்குக்கண்ணாடிகளும்தான். ஃபேரர் பார்க்கில் கிறிஸ்துமஸுக்கு ஒரு மேடை கிடைத்திருந்தது. ஆம்ப்ரோஸின் தங்கை பிரிஜட் காலி செய்துவிட்டுப் போன குவீன்ஸ்டவுன் அடுக்குமாடி வீட்டில், அக்கம்பக்கத்தார் புகார் கொடுக்காதபடி ஜன்னல்களில் மெத்தை சாத்தி, வாசல் கதவைப் பூட்டிக்கொண்டு, ஞாயிறு மத்தியானங்களில் வாசித்தார்கள்.

நாலாவது ஆள் லாசரஸ். எழுபத்திரண்டில் அரசாங்கக் கெடுபிடியால் நீள முடிக்காரர்களுக்கு எங்கேயும் மேடை இல்லை என்று ஆனபோது, ஆம்ப்ரோஸ் யாரிடமும் சொல்லாமல் முடியை வெட்டிக்கொண்டு அரசாங்க வேலைக்குப் போய்விட்டார். “முடியை மட்டுமா வெட்டினே?” என்று கேட்டுவிட்டு லாசரஸ் கப்பலேறினார். பிறகு அந்தக் கப்பல் கவிழ்ந்துவிட்டதாகச் சேதி வந்தது. மன்னிப்புக் கேட்க ஆள் இல்லாமல் போனது அன்றிலிருந்து ஆம்ப்ரோஸின் நெஞ்சை அரித்துக்கொண்டிருந்தது.

“மூணாவது வரியில அரைத்தட்டு முந்தி வந்துச்சு, கேட்டியா?” ஆம்ப்ரோஸ் கூரையைக் காட்டினார். “அவன் ஒருத்தன்தான் அப்படி முந்துவான்.”

“பேயாவது, பூதமாவது! மேல்வீட்டுல ரேடியோ ஓடுதுலா. வாங்க, போய்ப் பாப்போம்,” என்றார் சிவசுப்பிரமணியம்.

மேல்வீட்டுக் கதவைத் தட்டினார்கள். இன்னும் பலமாகத் தட்டினார்கள். கதவிடுக்கிலிருந்து சாம்பிராணிப் புகை மெதுவாக வெளியே வந்தது.

லிஃப்டுக்குக் காத்திராமல் படியில் முதலில் ஓடியவர் சிவசுப்பிரமணியம்தான்.

அடுத்த ஞாயிறு பேஸ் இன்னும் சத்தமாகக் கேட்டது. ‘மழை நிக்கட்டும்’ என்ற அவர்களுடைய பழைய பாட்டை முழுசாக, ஒரு சுரம் பிசகாமல், கூடவே வாசித்தது.

“பாட்டை மாத்துலா,” என்றார் சிலுவைராஜ். மாற்றினார்கள். அதற்கும் வாசித்தது.

ஆம்ப்ரோஸ் ஒரு முடிவுக்கு வந்தவராக நாற்காலிமேல் ஏறினார். கூரையை அண்ணாந்து பார்த்து, தொண்டை கிழியக் கத்தினார்: “லாசரஸ்! நான்தான்டா ஆம்ப்ரோஸ்! என்னை மன்னிச்சிடுடா!”

மேலே ஏதோ தடாலென்று விழுந்தது. கொஞ்ச நேரத்தில் மெத்தையின் ஓரத்து இடுக்கில் தண்ணீர் வழிவது தெரிந்தது. வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. மேகமே இல்லை.

“நீ பேசாமலே இருந்திருக்கலாம்,” என்றார் சிலுவைராஜ். “இப்ப அழுவுது பாரு.”

“கிறிஸ்துமஸ் மேடைக்கும் இது வந்தா?” என்றார் சிவசுப்பிரமணியம். “ஒழுங்கா ஒரு பூசை வச்சு அனுப்பிடுலா. இல்லேன்னா நான் வரல.”

மறுநாள் காலையில் ஆம்ப்ரோஸ் அந்த வட்டாரத்து மாதா கோயில் ஆபீசுக்குப் போனார். நவம்பர், இறந்தவர்களுக்காக வேண்டிக்கொள்ளும் ஆத்துமாக்கள் மாதம் என்பதால் மேசைமேல் இறந்தவர்கள் பெயர் எழுதும் தடித்த நோட்டு விரித்தபடி கிடந்தது. அதன் பின்னால் பிலோமினம்மாள் பேனாவோடு உட்கார்ந்திருந்தார்.

“யாருக்குப் பூசை?”

“லாசரஸ்மா. கப்பல்ல போயிட்டான்.” அவருக்குக் கண் கலங்கியது. “குவீன்ஸ்டவுன்ல ஒரு காலி வீட்டுல நாங்க மூணு பேர் பாட்டு வாசிச்சா மேலேர்ந்து கூட வாசிக்கிறான். அவன் நிம்மதியாப் போகணும்.”

பிலோமினம்மாளின் பேனா நின்றது. நோட்டைப் பார்த்தார். ஆம்ப்ரோஸைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார்.

“பூசை கொடுக்கிறவங்க பேரு?”

“ஆம்ப்ரோஸ்.”

அந்த அம்மாள் நாற்காலியைப் பின்னால் தள்ளி, மெதுவாகச் சிலுவை போட்டுக்கொண்டார்.

“நேத்து சாயங்காலம் லாசரஸ்னு ஒருத்தர் ஓடி வந்தாரு சார், கீழ்வீட்டைக் காலி பண்ணிட்டாங்க, ஆனா உள்ளே பழைய கூட்டாளிங்க மூணு பேரும் பாடுறாங்க, செத்துத்தான் போயிருக்கணும், கூட வாசிச்சுப் பார்த்தும் போகல, சாம்பிராணி போட்டும் போகல, ஜன்னல் வழியா தீர்த்தம் ஊத்தியும் போகலன்னு அழுதுட்டு, ‘நான் அவனை எப்பவோ மன்னிச்சிட்டேன், நிம்மதியாப் போகட்டும்’னு இந்த நோட்டுல உங்க பேரைத்தான் முதல்ல எழுதிட்டுப் போனாரு!”