மூக்காயியின் கைச்சுமை

நகர அழகுபடுத்தும் குழுவினர் திண்டுக்கல்லில் 'மகிழ்வனம்' என்ற பூங்காவைத் திறந்துவைத்தபோது, இனி இந்த ஊருக்கு ஒரு குறையும் இல்லை என்று மேடையிலேயே அறிவித்துவிட்டார்கள். பூங்கா நடுவில் ஒரு நீரூற்று இருக்கிறதாம், அதில் தண்ணீர் கீழேயிருந்து மேலே போகிறதாம் என்ற சேதி எரியோடு வரை எட்டியது. மழை பொய்த்து, கிணற்றில் வாளியை விட்டால் சகதி வந்துகொண்டிருந்த காலம். தண்ணீர் கீழே போவதை மட்டும்தான் எரியோட்டுக்காரர்கள் பார்த்திருந்தார்கள்.

அதைப் பார்த்தே தீர வேண்டும் என்று எரியோட்டு மூக்காயி ஒற்றைக்காலில் நின்றாள். அவள் பிள்ளை பிறந்ததிலிருந்து கண்டதெல்லாம் புழுதி. ஒரு தடவையாவது அவனுக்கு நிறையத் தண்ணீரைக் காட்டிவிட வேண்டும். புருஷன் மலைச்சாமியை இழுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள்.

அலுவலகக் காரியமெல்லாம் தமிழில்தான் நடக்க வேண்டும் என்று அப்போது புதிதாக உத்தரவாகியிருந்தது. நல்ல உத்தரவுதான். அது பூங்கா மேற்பார்வையாளர் நல்லுசாமியின் கையில் கிடைத்ததுதான் வினை. 'லக்கேஜ் கூடாது' என்று இருந்த பலகையைக் கழற்றிவிட்டு, 'கையில் ஏந்தும் சுமை எதுவாயினும் அனுமதி இல்லை' என்று எழுதி மாட்டியிருந்தார்.

வாசலில் காவற்காரர் கருப்பணன் கையை நீட்டி மறித்தார்.

"நில்லும்மா. என்ன கொண்டு போற?"

"பிள்ளைய்யா."

"எப்படிப்பட்ட பிள்ளை?"

"கைக்குழந்தை."

"பாத்தியா, உன் வாயாலேயே சொல்லிட்ட. கையில இருக்குறது கைச்சுமை. உள்ள விடப்படாது."

சத்தம் கேட்டு நல்லுசாமியே வந்தார். மலைச்சாமி துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, "இடுப்புல வச்சுக்கிட்டுப் போறோம் சாமி" என்றான்.

"கையை எடுத்தால் குழந்தை இடுப்பில் நிற்குமா? நிற்காது. ஆகவே இடுப்பும் கையைச் சேர்ந்ததே."

"தோளுல?"

"தோளில் சுமந்தால் அது காவடி. ஊர்வல அனுமதி வேண்டும்."

"அப்ப கீழ விட்டுருறேன், தவழ்ந்து வரட்டும்!" என்றாள் மூக்காயி ஆத்திரத்தோடு.

"பூங்காவில் தரையில் விடப்படும் பொருள் குப்பை எனப்படும். உங்கள்மீது நடவடிக்கை எடுக்க நேரிடும்" என்றார் நல்லுசாமி, மிகுந்த வருத்தத்துடன்.

அந்த நேரத்தில் நைலான் புடவையும் கறுப்புக் கண்ணாடியுமாக ஓர் அம்மாள், சீமைத் தள்ளுவண்டியில் குழந்தையைப் படுக்கவைத்துத் தள்ளிக்கொண்டு வந்தாள். நல்லுசாமி தாமே கதவைத் திறந்துவிட்டுக் கும்பிட்டார்.

"இவுகளுக்கு மட்டும் எப்படி?" என்றாள் மூக்காயி.

"அது சக்கரச்சுமை. பலகையில் சக்கரத்தைப் பற்றி ஏதாவது இருக்கிறதா?"

மூக்காயி அக்கம்பக்கம் பார்த்தாள். சுவரோரம் பூங்காவின் குப்பை வண்டி காலியாக நின்றது. மலைச்சாமியின் துண்டை உருவி அதில் விரித்தாள். பிள்ளையைப் படுக்கவைத்தாள். தள்ளிக்கொண்டு நேரே வாசலுக்கு வந்துவிட்டாள்.

நல்லுசாமி வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தார். "இது அலுவலக வண்டி. அலுவலக வண்டியை மறிக்க எனக்கு அதிகாரம் இல்லை" என்று ஒதுங்கி நின்றார். பழக்கதோஷத்தில் வண்டிக்கும் ஒரு கும்பிடு போட்டார்.

உள்ளே நீரூற்று என்று சிமெண்டுத் தாமரை ஒன்று மலர்ந்திருந்தது. அதன் நடுவில் ஓர் ஓணான் வெயில் காய்ந்துகொண்டிருந்தது. சுற்றிலும் பெஞ்சு நிறைய ஜனங்கள் சலவைத் துணி உடுத்தி, அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

மூக்காயி, பின்னாலேயே வந்த நல்லுசாமியின் பக்கம் திரும்பினாள். "தண்ணி எங்கய்யா?"

"நீரூற்று இருக்கிறதல்லவா? நீர் வேறு துறை" என்றார் நல்லுசாமி, பிள்ளையின் பக்கம் குனிந்து.

இதைக் கேட்டதும் வண்டியில் மல்லாந்து கிடந்த பிள்ளை தன்னால் ஆனதைச் செய்தான். ஒரு மெல்லிய தாரை வானத்தைப் பார்த்து எழும்பி, நல்லுசாமியின் வெள்ளைச் சட்டையில் இறங்கியது.

"வந்துருச்சு! ஊத்து வந்துருச்சு!" என்று பின்வரிசையில் ஒருவர் கத்த, பெஞ்சுகள் எல்லாம் கைதட்டின. நல்லுசாமி சட்டையைத் துடைத்துக்கொண்டார். கைதட்டல் ஓய்வதற்குள், 'நீரூற்று இயங்குகிறது' என்று வாசலில் பலகை மாட்டச் சொல்லிவிட்டார்.

அதற்குப் பிறகு ஊரே மாறிப்போயிற்று. பிள்ளையைக் குப்பை வண்டியில் வைத்துத் தள்ளுவதுதான் நாகரிகம் என்றாகிவிட்டது. தச்சர்களுக்கு ஓயாத வேலை. சிலர் வண்டிக்கு ரோஸ் சாயம் அடித்தார்கள், சிலர் மணி கட்டினார்கள்.

காணும் பொங்கலன்று மகிழ்வனத்து வாசலில் வண்டிகள் வரிசையாக நின்றன. மூக்காயியின் வண்டியும் நின்றது, ரோஸ் சாயத்தோடும் மணியோடும். செம்பட்டியிலிருந்து வந்த ஒருத்தி பிள்ளையைக் கையில் ஏந்தி, திருதிருவென்று விழித்துக்கொண்டு அவள் பக்கத்தில் வந்தாள்.

"அக்கா, உள்ள ஊத்துல தண்ணி வருதாமே, மெய்யா?"

மூக்காயி அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"தண்ணி கெடக்குது, அதை யாரு பாக்கப் போறா? ஏம்மா, பிள்ளையக் கையில தூக்கிக்கிட்டா வாரது? சரியான பட்டிக்காடா இருக்கியே!"

வண்டிக்குள் கிடந்த அவள் பிள்ளை, தூக்கச் சொல்லி இரண்டு கைகளையும் நீட்டி அழுதான்.

"சும்மா கெடடா" என்று அதட்டினாள் மூக்காயி. "பாக்குறவுக என்ன நெனப்பாக?"