மூடி இல்லாத ஓவியம்

திண்டுக்கல் ஈக்கள் மனிதர்களில் ஒரே ஒருவருக்குத்தான் பயந்தன. அவர் எங்கள் பெண்கள் விடுதியின் சமையல்காரர், மூடி அக்கா. நிஜப் பெயர் யாருக்கும் தெரியாது. சோறு, வெஞ்சனம், குடிதண்ணீர், தோலோடு இருக்கும் சிறுமலை வாழைப்பழம் என எல்லாவற்றையும் மூடுவார். ஒருமுறை நான் திறந்து வைத்துவிட்டுப் போன லேப்டாப்பின் மேல் தாம்பாளம் கவிழ்ந்திருந்தது.

அவருடைய சாப்பாட்டுக் கூடத்தில் விடுதியின் உரிமையாளரம்மா ஓர் ஓவியத்தை மாட்டினார். ஐரோப்பாவில் நானூறு வருடங்களுக்கு முன் வரைந்த உணவு மேஜையின் அச்சுப் பிரதி. இடப்பக்கம் சாய்ந்து கிடக்கும் கோப்பை, தோல் தொங்கும் எலுமிச்சை. வலப்பக்கம் தட்டில் பாதி தின்ற ரொட்டி, அதன் மேல் ஓர் ஈ.

அன்று மதியமே அக்கா படத்தின் மேல் துண்டைப் போட்டார். உரிமையாளர் எடுத்தார். அக்கா மறுபடி போட்டார்.

“ஞாயித்துக்கிழமை வருவேன். துண்டு கெடந்துச்சுன்னா சமையலுக்கு வேற ஆள் பாத்துக்கிறேன்” என்றார் உரிமையாளர்.

அக்காவின் வேலையைக் காப்பாற்றும் பொறுப்பு, பொறியியல் படித்தவள் என்பதால் என்னிடம் வந்தது. இணையத்தில் தேடி, ஐந்து குறிப்புகளுடன் சமையலறைக்குப் போனேன்.

“எலுமிச்சை பாக்க அழகு, ருசி புளிப்பு. வாழ்க்கையும் அப்படித்தான்னு அர்த்தம்க்கா.”

“ஊறுகா போடத் தெரியாதவன் பேச்சு.”

“தட்டு மேஜை விளிம்பத் தாண்டி நிக்குதுல்ல? நம்ம கண்ண உள்ள இழுக்கத்தான் அப்படி.”

“கை பட்டா விழுந்துரும். தள்ளி வைக்கச் சொல்லு.”

“ஈ இருந்தா, எல்லாம் ஒருநாள் அழியும்னு அர்த்தம். சாப்பிட்டவங்க செத்தே போயிருக்கலாம்.”

அக்கா கரண்டியைக் கீழே வைத்தார்.

“ஏத்தா, வாயக் கழுவு! போன் வந்து பாதியில எந்திரிச்சுப் போயிருப்பாக. திரும்பி வந்து திங்க வேணாமா?”

நானூறு வருடங்களுக்கு முன் போன் கிடையாது என்று சொல்லும் துணிவு எனக்கு வரவில்லை. மீதிக் குறிப்புகளை மடித்து வைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை உரிமையாளர் வந்தபோது துண்டு இல்லை. ரொட்டி இருந்த இடத்தில், பிரியாணிப் பொட்டலத்தின் அலுமினியத் தாள் வட்டமாக வெட்டி, சோற்றுப் பருக்கையால் ஒட்டப்பட்டிருந்தது. உரிமையாளர் கிட்டே போய்ப் பார்த்தார்.

“ஈ எங்க?”

“வெரட்டிட்டுத்தாம்மா மூடுனேன்.”

உரிமையாளர் சிரித்துவிட்டார். ஓவியமும் தங்கியது, அக்காவும் தங்கினார். இடப்பக்கம் கனத்திருந்த படத்தை அந்தத் தாளின் பளபளப்பு சமன் செய்தது என்பதையும் பதிவு செய்கிறேன்.

வேலை மாறிச் சென்னைக்குக் கிளம்பிய காலையில், பஸ் பிடிக்கும் அவசரத்தில் ஒன்றரை இட்லியை மிச்சம் வைத்து எழுந்தேன். வாசலிலிருந்து திரும்பிப் பார்த்தபோது, அக்கா என் தட்டை மூடிக்கொண்டிருந்தார்.