வெளிக்கி டாக்டரும் மூன்று பாட்டில்களும்

எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு வந்து போன டாக்டர்களில் இவரைப் போல ஒரு கையாலாகாத மனிதரை நான் பார்த்ததில்லை. இனிமேல் பார்க்கப்போவதும் இல்லை. கேமரன் மலை முழுக்க அவருக்கு ‘வெளிக்கி டாக்டர்’ என்று பெயர். வைத்தவன் நான்தான். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

சொந்தப் பெயர் ஒன்று இருந்தது. சட்டையில் குத்தியிருந்தார், யாரும் படித்ததில்லை. கோலாலம்பூரில் ஒரு பல்கலைக்கழக மருத்துவமனையில் படித்துக்கொண்டிருந்தார். முதலில் டாக்டர் படிப்பு, அப்புறம் பெரிய டாக்டர் படிப்பு, அதுவும் போதாதென்று வயிற்றுக்கும் குடலுக்கும் மட்டும் தனியாக மூன்று வருஷப் பயிற்சி! நாற்பதை நெருங்கியும் மாணவராகவே இருப்பவருக்கு யார் பெண் கொடுப்பார்கள்? கொடுக்கவில்லை. பயிற்சியின் ஒரு பகுதியாக, குடல் புற்றுநோயை முன்கூட்டியே கண்டுபிடிக்க ஏதாவது ஓர் ஊரில் சோதனை நடத்த வேண்டுமாம். அவருடைய புரொபசர் எங்கள் மலையைக் கைகாட்டிவிட்டார்.

தோட்ட ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி என்பதால் மேனேஜர் துரை என்னைத்தான் மலைப்பாதையில் முதலில் வரும் ரிங்லெட் ஊருக்கு அனுப்பி அழைத்துவரச் சொன்னார். போய்ப் பார்த்தால், மனிதர் காரை ஓரம் கட்டி வாந்தி எடுத்துக்கொண்டிருக்கிறார். வயிற்று டாக்டருக்கே வயிறு நிற்கவில்லை!

“கோனர் ஜாஸ்திலா அங்கிள்,” என்று மலைப்பாதை வளைவுகளைக் காட்டினார். பாவம் என்று தண்ணீர் பாட்டிலை நீட்டினேன். ஒரு மடக்கு குடித்துவிட்டுக் கேட்டார், “காலையில வெளிக்கி போனீங்களா? கெட்டியாவா, தண்ணியாவா?”

முன்பின் தெரியாத மனிதனிடம் கேட்கிற முதல் கேள்வியா இது? ஆனால் அவருக்கு வேறு கேள்வி தெரியாது. மாரியம்மன் கோயில் அன்னதானத்தில் சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்தவரிடம் கேட்டார். தாலி கட்டி அரை மணி நேரம் ஆகாத மாப்பிள்ளையிடம் கேட்டார். மாப்பிள்ளை பெண்ணின் முகத்தைப் பார்க்க, பெண் தரையைப் பார்க்க, இவர் மட்டும் பதிலுக்காகக் காத்துக்கொண்டு நின்றார். ஊருக்கெல்லாம் “காரத்த கொறைங்க” என்று உபதேசம். தனக்கு மட்டும் நாசி லெமாக் கடையில் இன்னொரு கரண்டி காரச் சம்பல். பிறகு மறைவாகப் போய் வாயு மாத்திரையைக் கடித்துக்கொள்வார்.

மறுமாதம் காலைப் பெரட்டில், ஆள் கணக்கு எடுக்கும் நேரத்தில், மூடியோடு குச்சி ஒட்டிய சின்னச் சின்ன பாட்டில்களோடு வந்து நின்றார். மலத்தில் கண்ணுக்குத் தெரியாத ரத்தம் இருக்கிறதா என்று பார்க்கிற சோதனை. வங்காளதேசத் தொழிலாளர்களுக்குத் தமிழ் தெரியாதே என்று நடித்தே காட்டினார். எப்படி உட்காருவது, எப்படிக் குச்சியால் தொடுவது, எல்லாம். அன்றைக்கு ஒருத்தரும் ஒழுங்காகக் கொழுந்து பறிக்கவில்லை. சிரிப்பதற்கே பொழுது சரியாகப் போயிற்று.

“அரிசி அளவு போதும்,” என்று தொண்டை கிழியச் சொன்னார். யார் கேட்டார்கள்? எங்கள் ஜனங்கள் பரம்பரையாகக் கொழுந்தை நிறுத்துப் போட்டவர்கள். எடை குறைந்தால் ஏச்சு விழும் என்பது ரத்தத்திலேயே ஊறியது. மறுநாள் அத்தனை பாட்டிலும் கழுத்துவரை நிரம்பி வந்தன. மூடியைத் திறந்தவர் அப்படியே பின்னால் சாய்ந்தார். “கொறைஞ்சா டாக்டரு ஏசுவாருன்னுதான்,” என்றார் பக்கத்து வீட்டு லெட்சுமி அக்கா, ரொம்ப நல்ல பிள்ளையாக.

இன்னொரு வழக்கமும் எங்களுக்கு உண்டு. நிறுக்கும்போது ஒருத்திக்குக் கொழுந்து குறைந்தால், பக்கத்துக் கூடைக்காரி இரண்டு கை அள்ளிப் போட்டு உதவுவாள். கிராணி நானும் கண்டுகொள்ள மாட்டேன். அந்த வழக்கத்தை நாங்கள் பாட்டில் விஷயத்திலும் கடைப்பிடித்துவிட்டோம். “அந்த அசிங்கத்த நான் தொடமாட்டேன்,” என்றாள் என் மனைவி சரோஜா. “மூணு நாளா எனக்குப் போகவே இல்ல தம்பி,” என்றார் லெட்சுமி அக்கா. எனக்கா குறைச்சல்? மூன்று பாட்டிலையும் நானே நிரப்பி, பெயர் எழுதி, அடுக்கிக் கொடுத்துவிட்டேன்.

சோதனை முடிவு வந்தது. மூன்றிலும் ரத்தம்.

ஆறு மாதமாக அவ்வப்போது சிவப்பாகக் கண்டிருந்தேன். நாற்காலியில் உட்கார்ந்தே வேலை பார்ப்பதால் மூலம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, கருணைக்கிழங்கு தின்றுகொண்டிருந்தேன். என் அப்பாவும் இப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார். ஐம்பத்திரண்டில் போய்ச் சேர்ந்தார். எனக்கு அப்போது ஐம்பத்தொன்று.

அந்த மனிதரோ மூன்று பேரையும் கோலாலம்பூருக்கு வரச் சொன்னார். குழாயில் கேமராவை வைத்துக் குடலுக்குள்ளே பார்க்க வேண்டுமாம். ஊரெல்லாம் அவரை நக்கலடித்தவன் நான். எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு போய் உண்மையைச் சொல்வது? வாயை மூடிக்கொண்டேன். இரண்டு பெண்களை அனுப்பிவிட்டு நான் ஆபீஸில் உட்கார்ந்திருக்கலாம் என்றுகூட ஒரு நாள் முழுக்க நினைத்தேன். அவ்வளவு பயம், அவ்வளவு கேவலம்.

சரோஜா துணிப்பையை எடுத்து வைத்தாள். “நான் போறேன். போயி அந்தக் குழாய விட்டுக்கிட்டு வரேன். ஒண்ணுமில்லன்னு சொல்லுவாங்க. அப்பயாச்சும் ஒங்களுக்கு வாய் தொறக்குதான்னு பாக்கறேன்,” என்றாள்.

நேராக டிஸ்பென்சரிக்குப் போனேன். அவர் பிஸ்கட் தின்றுகொண்டிருந்தார்.

“மூணும் என்னோடதுதான் டாக்டர்.”

“தெரியும்லா அங்கிள். மூணுலயும் ஒரே கையெழுத்து. ஆபீஸ் கையெழுத்து.”

“அப்புறம் ஏன் மூணு பேரையும் கூப்பிட்டீங்க?”

“ஒங்கள மட்டும் கூப்பிட்டா வருவீங்களா?” என்றார். “அக்கா ரெண்டு பேருக்கும் புது பாட்டில் குடுக்கறேன். அதையாச்சும் அவங்களையே ரொப்பச் சொல்லுங்க.”

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. இவ்வளவு தெரிந்தவருக்கு அரிசி அளவை மட்டும் ஏன் புரியவைக்கத் தெரியவில்லை?

குடலைக் கழுவும் மருந்தைக் குடித்துவிட்டு மலையிலிருந்து தாப்பாவுக்குப் போகும் வளைவுகளில் இறங்கினால் கார் என்ன கதியாகும் என்பது அவருக்கே தெரிந்திருந்தது. அதனால் முந்தின நாளே வந்து கோலாலம்பூரில் தன்னுடைய வாடகை வீட்டிலேயே தங்கச் சொன்னார். புறாக்கூடு மாதிரி ஒரு வீடு. கழிப்பறை ஒன்றே ஒன்று. மத்தியானம் மூன்று மணிக்கு மருந்தைக் குடித்தேன். நான்கு மணிக்கு உள்ளே போனவன் வெளியே வர மனமில்லாமல் அங்கேயே குடியிருந்தேன். டாக்டர் கீழே இருந்த மாமாக் சாப்பாட்டுக்கடைக் கழிப்பறைக்கு அலைந்தார். ஒவ்வொரு தரமும் திரும்பி வந்து கதவைத் தட்டி, “இப்ப என்ன கலரு அங்கிள்?” என்று விசாரித்தார். விட்டால் கதவை உடைத்து வந்து பார்ப்பார் போலிருந்தது.

மறுநாள் எனக்கு மயக்க மருந்து முக்கால்வாசிதான் வேலை செய்தது. மேசையில் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு அங்கே பேசியதில் பாதியைக் கேட்டேன். பயிற்சி டாக்டர்களிலேயே நம் டாக்டர்தான் மகா மந்தமாம். மற்றவர்கள் இரண்டு பேரைப் பார்க்கிற நேரத்தில் இவர் ஒருத்தரைப் பார்ப்பாராம். “வெளியே ஆறு பேர் காத்திருக்கிறார்கள், முடித்துவிட்டு வா,” என்று புரொபசர் ஆங்கிலத்தில் எரிந்து விழுந்தார். இவர் குரல் நடுங்கியது. ஆனாலும், “இன்னும் ஒரே ஒரு தடவை பார்த்துவிடுகிறேன் சார்,” என்றார். திட்டு விழுந்தது. அதற்குப் பிறகும் பார்த்தார்.

முதல் தரம் பார்த்தபோது கிடைத்தது ஒரு சின்னக் கட்டி, சாதுவானது. மறுபடி பார்த்தபோதுதான், மடிப்புக்குப் பின்னால் பதுங்கியிருந்த இன்னொன்று கிடைத்தது. விட்டிருந்தால் புற்றாகியிருக்கும். இரண்டையும் எடுத்துவிட்டார். லெட்சுமி அக்காவுக்கும் சரோஜாவுக்கும் புது பாட்டிலில் ரத்தம் ஏதும் இல்லை.

ஒரு வருஷம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். வருஷம் முடிந்ததும் மருத்துவமனைக்குத் தேதி வாங்கப் போனேன். சரோஜாவும் வந்திருந்தாள். கவுண்டரில் இருந்த பெண் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

“அவரு இந்தத் தடவ பாஸ் பண்ணல அங்கிள். ரொம்ப ஸ்லோன்னு பயிற்சிய ஆறு மாசம் நீட்டியிருக்காங்க. பெரிய டாக்டருகிட்டயே போட்டுத் தரவா? சட்டுனு முடிச்சிடுவாரு.”

“வேணாம்மா,” என்றேன். “எனக்கு ஒண்ணும் அவசரமில்ல. அவருக்கே போடு.”