எரிமலைச்செல்வன் பெண் பார்க்கப் போன கதை

கீ... கொர்ர்ர்... கீச். பழைய மோடம் டெலிபோன் கம்பிக்குள் நுழையும்போது போடும் அந்தச் சத்தத்தை எங்காவது கேட்டால், இன்றும் என் காதுமடல் சிவந்துவிடும். (வெட்கத்தில்தான்.)

இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகள். திருவண்ணாமலை தேரடித் தெருவில் ஒரு பிரவுசிங் சென்டர். பலகைத் தடுப்புக்குள் உட்கார்ந்துவிட்டால் நான் நானில்லை. வெளியே, டீயில் சர்க்கரை ஜாஸ்தி என்று சொல்லக்கூடக் கூசுகிறவன். உள்ளே, இணையக் கவிதைக் குழுவின் 'எரிமலைச்செல்வன்'. திரையின் நீல வெளிச்சத்தில் உடம்பு கரைந்து, விரல்கள் மட்டும் மிச்சமிருக்கும். அந்த விரல்களால் கவிஞர்களை ஒவ்வொருவராகப் பொசுக்கிக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் 'முகில்' என்ற புனைபெயரில் யாரோ ஒரு கவிதை எழுதியிருந்தார்கள்: மேகத்தை இழுத்துப் போர்த்தி மலை தூங்குகிறது, யாரும் எழுப்பாதீர்கள் என்று. நான் பதில் போட்டேன்: 'எங்கள் தெரு எருமை அசைபோடுவதில் இதைவிடச் சந்தம் ஜாஸ்தி. உன் பேனாவையும் போர்த்தித் தூங்கவை.' குழுவே கைதட்டியது. அன்று வீட்டுக்கு நடந்து போன நினைவில்லை. மிதந்துதான் போயிருப்பேன்.

சில மாதம் கழித்து, வேங்கிக்காலில் பெண் பார்க்கப் போனோம். கேசரித் தட்டோடு அவள் வந்தபோது, மழைக்கு முந்தைய மஞ்சள் வெளிச்சம் கூடவே நடந்து வந்தது. இவள்தான் என்று மனசு முடிவு செய்துவிட்டது. கேசரியை எடுத்து வாயில் போட்டேன். அந்த நேரம் பார்த்து அம்மா பெருமையை அவிழ்த்துவிட்டாள்.

"எம்புள்ள கம்ப்யூட்டர்ல கவிதை எழுதுறான். எரிமலைச்செல்வன்னா அமெரிக்காவுலகூட தெரியுமுங்க."

தட்டு நின்றது. பெண் நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்பா, இவர்கிட்ட ரெண்டு நிமிஷம் தனியா பேசணும்."

மொட்டைமாடி. எதிரே மலை, நிஜமாகவே போர்த்திக்கொண்டு தூங்கியது.

"நான்தாங்க முகில்."

வாயில் இன்னும் கேசரி. விழுங்கவும் வழியில்லை, துப்பவும் வழியில்லை.

"அன்னிக்கு எழுதினத இப்ப என் மூஞ்சியப் பார்த்துச் சொல்லுங்க."

"எருமை..."

"ம்."

"எருமை... நல்ல ஜீவனுங்க. பால் குடுக்கும்."

அவள் உதடு துடித்தது. சிரிப்பா, அழுகையா, தெரியவில்லை.

"அப்புறம் நான் ஒரு வரிகூட எழுதலீங்க. நல்லா இல்லன்னா நல்லா இல்லன்னு சொல்லியிருக்கலாம். ஏன்னும் சொல்லியிருக்கலாம். எருமை எதுக்குங்க?"

உலகையே பொசுக்கியவன், கேசரியை ஒருவழியாக விழுங்கினேன்.

இப்போதும் கைபேசியில் நான் ஆவேசமாகப் பதில் தட்ட ஆரம்பித்தால், அடுத்த அறையிலிருந்து மகள் கேட்பாள்: "அப்பா, எருமையா?" சத்தமில்லாமல் அழித்துவிடுவேன். (உறவுக்காரர்கள் பால் பாக்கெட்டைப் பார்த்தால்கூட என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள்.)

அந்த மகள் பிறப்பாளா மாட்டாளா என்பதே அன்று பெண் வீட்டு வாசலில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. அம்மா ஆட்டோவில் ஏறிவிட்டாள். நான் வலது காலில் இடது செருப்பை நுழைத்துக்கொண்டிருந்தேன். முகில் படிவரை வந்தாள்.

"போயிட்டு வரேங்க," என்றேன்.

"நேரா பிரவுசிங் சென்டருக்குப் போங்க. குரூப்புல எல்லார் முன்னாடியும் முகில்கிட்ட மன்னிப்புக் கேளுங்க, உங்க சொந்தப் பேர்ல. படிச்சுப் பார்த்துட்டுதான் எங்கப்பாகிட்ட பதில் சொல்லுவேன்."