பாலத்தடியில் சிக்கிய பிறந்த வீடு

க்ராஸ்னா, நெப்ராஸ்கா
21 செப்டம்பர் 1964

பெருமதிப்பிற்குரிய மைத்துனர் லூமிர் அவர்களுக்கு, தங்கள் தங்கை அல்பீனாவைக் கட்டிய ஸ்டான்லி பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கே நான், அல்பீனா, இரண்டு பசு, பதினேழு வாத்து எல்லோரும் சுகம். ஒமாஹாவில் தாங்களும் தங்கள் துணைவியாரும் தங்கள் முழங்கால் வலியும் எப்படி என்று அறிய ஆவல்.

“நான் பிறந்த வீட்டை ரோட்டுக்குத் தாரை வார்த்தவன் முகத்தில் இனி விழிக்கமாட்டேன்” என்று தாங்கள் எழுதிய கடிதம் கிடைத்தது. மாமனார் தன் கையால் கட்டிய வீடு. தங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் குற்றம் என்னுடையது அல்ல. இந்த எண்பதாம் எண் நெடுஞ்சாலை ஒமாஹாவில் கிளம்பி லிங்கன் வந்து சேர்ந்தபோது நானும்தான் கைதட்டினேன். முதலில் நமக்கு ஆறு மைல் வடக்கே போகும் என்றார்கள், வடக்கு ஊர்க்காரர்கள் நம் ஊர் மதுக்கடைக்கே வந்து நம்மைப் பார்த்துச் சிரித்தார்கள். பிறகு மூன்று மைல் தெற்கே என்றார்கள், தெற்கு ஊர்க்காரர்கள் வந்து சிரித்தார்கள். கடைசியில் யாரோ ஒரு அதிகாரி வரைபடத்தில் அளவுகோலை வைத்து, பிளாட் ஆற்றைத் தொடும்வரை வளையாமல் ஒரே கோடாக இழுத்துவிட்டார். கோடு அல்பீனாவின் சமையலறை வழியாகப் போயிற்று. லிங்கன் பக்கத்திலிருந்து சாலை வளர்ந்து வளர்ந்து நம் முற்றத்தில் வந்து நின்றது. அடுத்த துண்டை எங்கள் அடுப்படியிலிருந்துதான் தொடங்குவார்களாம். திங்கட்கிழமை மண் தள்ளும் இயந்திரம் வரும், அதற்குள் வீட்டை எடுத்துக்கொண்டு போங்கள் என்று சொல்லிவிட்டார்கள்.

எடுத்துக்கொண்டு போக ஆள் இருந்தான். வீடு நகர்த்தும் அன்டன் யாரோஸைத் தங்களுக்குத் தெரியும். “தேவாலயத்தையே நகத்தினவன் நான். கோபுரத்து மணி ஒரு தடவைகூட அடிக்கல. மேசையில தண்ணி நெறச்சு ஒரு கிளாஸ் வைங்க, ஒரு சொட்டு சிந்துதான்னு பாருங்க” என்று சவால் விட்டான். கிழக்கே இரண்டு மைலில் வேறு நிலம் வாங்கியிருந்தேன். ஆனால் பழைய மண்சாலையை இந்தப் புதுச்சாலைதான் குறுக்கே வெட்டிப் போட்டதே, வேறு வழி ஏது? சனிக்கிழமை மூன்று மணிக்குத் திறப்பு விழா, அதற்குமுன் புதுச்சாலையிலேயே கொண்டு போய்விடுங்கள், திறந்துவிட்டால் வீடு கீடு எதையும் விடமாட்டோம் என்று அனுமதி கொடுத்தார்கள். மூன்று மணியைத் தவறவிட்டால் வீடு போச்சு.

சனிக்கிழமை காலையில் வீட்டைத் தூக்கி லாரியில் ஏற்றியாயிற்று. அல்பீனா மட்டும் இறங்கவில்லை. திறப்பு விழாவுக்கு இருபது டஜன் கொலாச்சி பன் சுட்டுத் தருவதாக அவள் மாதர் சங்கத்தில் வாக்குக் கொடுத்திருந்தாள். “மாவு பொங்கிக்கிட்டிருக்கு, இப்போ எடம் மாத்தினா அமுங்கிடும். வீடு போற எடத்துக்கு அடுப்பும் வரும், நானும் வர்றேன்” என்றாள். தங்கள் குடும்பத்துப் பிடிவாதம் தங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. வீடு நகர்ந்தது. புகைக்கூண்டிலிருந்து புகை போயிற்று. நான் பின்னால் டிராக்டரில் போனேன். கிளாஸில் ஒரு சொட்டு சிந்தவில்லை, உண்மை. ஆனால் தேவாலயத்தை நகர்த்தின காலத்தில் இந்த ஊரில் சாலைக்கு மேல் பாலம் கிடையாது என்பதை யாரோஸும் மறந்துவிட்டான், நானும் மறந்துவிட்டேன். ஒன்றரை மணிக்குப் பாலத்தடியில் புகைக்கூண்டு போய் முட்டியது. நாலு அங்குலம் உயரம் அதிகம். விழா மேடையும் அங்கேதான்.

சாலைப் பொறியாளர் ஹாஸ்கெல் தொப்பியைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார்.

“யோவ், வீட்டுக்குள்ள யாராச்சும் இருக்காங்களா?”

“என் சம்சாரம் இருக்கா.”

“எதுக்கு?”

“மாவு பொங்கிட்டுது சார். இப்போ வேகுது.”

புகைக்கூண்டைப் பிரிக்க வேண்டுமானால் அடுப்பை அணைக்க வேண்டும். அல்பீனா ஜன்னலைத் திறந்து, “இன்னும் நாலு தட்டு இருக்கு. வெந்தாத்தான் அணைப்பேன். கத்தாதீங்க, இதைச் சாப்பிடுங்க” என்று பொறியாளர் கையில் கசகசா வைத்த கொலாச்சி ஒன்றைக் கொடுத்தாள். மனிதர் சாப்பிட்டார். பிறகு பிளம் வைத்தது உண்டா என்று கேட்டார். சாலைக்கூலிகள் வரிசையில் நின்றார்கள். விழாவுக்கு வந்த வாத்தியக்காரர்கள் சும்மா நிற்பானேன் என்று அக்கார்டியனை எடுத்தார்கள், அவ்வளவுதான், புத்தம்புது கான்கிரீட்டில் ஊரே ஜோடி ஜோடியாகப் போல்கா ஆடியது. நானும் ஆடினேன் மச்சான், வீடு போகப்போகிற துக்கத்தில் ஆடினேன். இரண்டேகாலுக்குக் கடைசித் தட்டு வெந்தது. அடுப்பை அணைத்துப் புகைக்கூண்டைப் பிரித்தோம், சுடச்சுடச் செங்கற்களைக் கையுறை போட்டுப் பாதிரியாரே வாங்கி வாங்கிக் கொடுத்தார். வீடு பாலத்துக்கு அந்தப்பக்கம் வந்து நின்றபோது மணி மூன்றாக ஐந்து நிமிடம்.

சரியாக அப்போது லிங்கனிலிருந்து பெரிய அதிகாரிகளின் கார்கள் வந்துவிட்டன. ஊர்வலத்துக்கான அலங்கார வண்டிகள் எல்லாம் எங்கள் வீட்டுக்குப் பின்னால் வரிசை கட்டிவிட்டன. இறங்கிப் போகவும் வழியில்லை, நிற்கவும் முடியாது. முன்னால் போயே ஆகவேண்டும். ரிப்பனை வெட்டியதும் முதலில் போனது நம் வீடுதான். அல்பீனா மாவுக் கையை ஜன்னலில் நீட்டி ஆட்டினாள். நடுவர்கள், குடியேறிய முன்னோர்களின் வாழ்க்கையைத் தத்ரூபமாகக் காட்டிய அலங்கார வண்டி என்று முதல் பரிசுக் கோப்பையை அதற்கே கொடுத்துவிட்டார்கள். உள்ளே அடுப்புகூட நிஜம் என்று ஒரு நடுவர் அதிசயப்பட்டாராம். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

ஆகவே தாங்கள் பிறந்த அறை, தாங்கள் பெயர் செதுக்கிய கதவு, எல்லாம் பத்திரம். புது அஸ்திவாரத்தில் வீட்டை உட்கார்த்திவிட்டோம். இனி பூமி அசைந்தாலும் இது அசையாது. கோபத்தை விட்டுவிட்டுக் கிறிஸ்துமஸுக்குக் குடும்பத்தோடு வாருங்கள். கடவுள் தங்களுக்கும் தங்கள் வீட்டாருக்கும் நீண்ட ஆயுளையும் மடங்குகிற முழங்காலையும் தரட்டும்.

என்றும் தங்கள்
ஸ்டான்லி வோண்ட்ரா

பின்குறிப்பு: கடிதத்தைப் புதன்கிழமைவரை தபாலில் சேர்க்காதது நல்லதாயிற்று. இன்று ஹாஸ்கெல் வந்தார், கொலாச்சிக்குத்தான் வந்தார் என்று நினைத்தோம். சாப்பிட்டுவிட்டு, சிவப்பு நாடா கட்டிய முளைகளை அடித்துக்கொண்டே வந்து கடைசி முளையை எங்கள் புது வாசற்படியில் அடித்தார். சாலையில் ஏறி இறங்கும் கிளைவழி இங்கேதான் வருகிறதாம், மே மாதத்துக்குள் காலி செய்யவேண்டுமாம். அல்பீனா அழுவாள் என்று பயந்து திரும்பிப் பார்த்தால், அவள் ஜன்னல் திரையைத் துவைக்க எடுத்துக்கொண்டிருக்கிறாள். “கிறிஸ்துமஸுக்கு வேணாம், மே மாசம் வரச் சொல்லி எழுதுங்க. அண்ணன் இந்த வீட்டுல பொறந்தார், ஆனா இதுல ஒரு தடவைகூடப் பயணம் போனதில்லையே” என்கிறாள். இடது ஜன்னல் தங்களுக்கு.